பதிமூன்று மஞ்சு நாட்கள்

நவம்பர் 8, வெள்ளி

ஏழு பத்து மேல்மலை பஸ் இன்றைக்கும் ஏழே முக்காலுக்குத்தான் வந்தது. செண்பகனூரிலிருந்து வெள்ளனே கிளம்பி டவுன் பஸ்ஸில் கொடைக்கானல் ஸ்டாண்டுக்கு வந்து நடுங்கிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். பள்ளிக்குப் போனால் ஒன்பதாம் வகுப்பில் இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் இல்லை. பூண்டு நடவு.

மத்தியானம் தலைமையாசிரியர் சுவாமிநாதன் சார் ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். "டீச்சர், இது உங்க சோலி." கன்னியாகுமரிப் பக்கம் இருக்கிற விண்வெளிக் கல்வி மையம் அனுப்பியது. வருகிற மே மாதம் பத்து நாள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ராக்கெட் எஞ்சின் சோதனையை நேரில் பார்க்கலாம். மாவட்டத்துக்கு ஒரே ஒரு ஆசிரியர். அதற்கு மாணவர்களோடு சேர்ந்து நாற்பது பள்ளி நாட்கள் சூரியனைக் கவனித்து, அதிலுள்ள கரும்புள்ளிகளை அச்சிட்ட வட்டத்தில் குறித்து ஒரு நோட்டாக அனுப்ப வேண்டும்.

முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். எம்.எஸ்.சி. இயற்பியல் முடித்துப் பதிமூன்று வருசம் நிறுத்தல் அளவையும் மிதத்தல் விதியையும் சொல்லிக்கொண்டு கிடக்கிறேன். எனக்கென்றே ஒருத்தர் உட்கார்ந்து எழுதின மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கீழே நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிற மனுசன். "எந்தப் பாட ஆசிரியரும் போடலாமாம், நீங்களும் போடுங்களேன்" என்றேன். சும்மா விளையாட்டுக்குத்தான். "நானா? எனக்கு சூரிய வம்சத்து ராசாக்களத்தான் தெரியும்" என்றார். சிரித்தோம்.

நவம்பர் 11, திங்கள்

முதல் நாள். ஸ்டூலில் பைனாகுலரைக் கட்டி, அதன் ஒரு குழாயை அடைத்து, இன்னொரு குழாய் வழியாக வெயிலை அட்டைப் பெட்டிக்குள் விழ வைத்தோம். "யாரும் குழாயில கண்ண வச்சுப் பாக்கக் கூடாது, கண்ணு போயிரும்" என்று நூறு தடவை சொன்னேன். வெள்ளைத் தாளில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சூரியன். அதில் மிளகு சிதறின மாதிரி ஐந்து புள்ளி.

ராஜகுமாரி என்று ஒரு பெண், பழனிச்சாமி மகள். பேசவே பேசாது. அது தாளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "டீச்சர், இதுவா நெசமான சூரியன்?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். அப்புறம் அந்தப் பெண்ணைப் பெட்டியை விட்டு நகர்த்த முடியவில்லை.

நவம்பர் 14, வியாழன்

மஞ்சு. மூடுபனியில் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. பத்தரை வரை காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை என்பதால் இரும்புச்சத்து மாத்திரை ரெஜிஸ்டரும் என் மேசையில் கிடந்தது. வராத பிள்ளைகளுக்கும் டிக் போட்டு முடித்தேன். எங்கள் பள்ளியில் மொத்தம் இருபத்தாறு ரெஜிஸ்டர். ஆய்வுக்கு வருகிறவர்கள் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்து நான் பார்த்ததே இல்லை. விரலை வைத்துக் காலிக் கட்டம் இருக்கிறதா என்றுதான் இழுத்துக்கொண்டு போவார்கள். சுவாமிநாதன் சார் நான் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்: "தப்பா இருந்தா திருத்திக்கலாம் டீச்சர். காலியா இருந்தா மெமோ."

அதே கையோடு சூரிய நோட்டையும் எடுத்தேன். நேற்றைய புள்ளிகள் இன்று எங்கே இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? சூரியன் தன்னைத் தானே சுற்றுகிறது. ஒரு நாளைக்குப் பதிமூன்று பாகை. விளையாட்டு அறையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து வந்து, பேனாவால் புள்ளி வைத்துத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் இருக்கிற புள்ளி நிறைய நகரும், ஓரத்துப் புள்ளி கொஞ்சமாக நகரும். அளந்து வட்டத்தில் வைத்தேன். கட்டம் நிறைந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு 'பார்த்தவர் கையெழுத்து' என்கிற இடத்தில் கையெழுத்து வாங்கினேன்.

நவம்பர் 15, வெள்ளி

வெயில்! பெட்டியில் பார்த்தால் ஐந்து புள்ளியும் நான் நினைத்த வழியிலேயே நகர்ந்திருக்கின்றன. நேற்று நான் வைத்தது சரிதான். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கே என்னைப் பற்றி ஒரு மிதப்பு.

நவம்பர் 27, புதன்

இவரும் ஆரம்பித்துவிட்டார். இரண்டு வாரமாகிறதாம், என்னிடம் சொல்லவில்லை. பாறைப்பக்கம் டூரிஸ்டுகளுக்கு டெலஸ்கோப்பில் பள்ளத்தாக்கு காட்டுகிற சின்னக்கருப்பன் தூக்கிப்போட்ட பழைய குழாய் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். முக்காலிக்கு ஒரு கால் இல்லை. செங்கல் வைத்திருக்கிறாராம்.

"வள்ளி, புள்ளி ஒவ்வொரு நாளும் நகருதே, எதுக்கு?" என்று கேட்டார். சோறு போட்டுக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன். கிழக்கு எது மேற்கு எது என்று குறிப்பது முதல் வட்டத்தை எப்படிப் பிடிப்பது வரை. வாயைப் பிளந்து கேட்டார். பாவமாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு ஏதோ புதுசாகக் காட்டட்டும் என்று நினைத்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

மஞ்சு. மழை. மஞ்சு. பந்துதான் கதி.

டிசம்பர் 5, வியாழன்

ராஜகுமாரி கையெழுத்துப் போடும்போது பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றது. "டீச்சர், இன்னைக்கு நாம பாக்கலியே."

"கணக்கு பார்த்துச்சுல்ல? போடு" என்றேன்.

போட்டது. பிறகு பந்தை வாங்கி மெல்லத் திருப்பிப் பார்த்தது. "இப்பிடியே எத்தன நாளைக்கு வேணாலும் சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டது. சொல்லலாம், ஆனால் புள்ளி நடுவில் அழிந்துபோனால் நமக்குத் தெரியாது என்றேன். அப்படிச் சொன்னது நான்தான். அதற்குப் பிறகும் இன்று வைத்த புள்ளியை நான் அழிக்கவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

நாற்பது நாள் முடிந்தது. நோட்டு பார்க்கவே நிறைவாக இருக்கிறது. அட்டை போட்டு, ஓரம் மடித்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். நாற்பது வட்டம், நாற்பதிலும் புள்ளி, நாற்பதிலும் கையெழுத்து.

இவருடையதும் மேசையில் கிடந்தது. பார்த்தேன். அடேயப்பா! டீ சிந்தின கறை. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கோழிக்கிறுக்கல். பதினாறு பக்கத்தில் வட்டம் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. 'மஞ்சு. தெரியல', 'மழை', 'சார் லேட்' என்று எழுதியிருக்கிறது. சார் லேட்டாம்! சிரித்துவிட்டேன்.

என் நோட்டைப் புரட்டிவிட்டு இவர், "உங்க பள்ளிக்கூடத்து மேல மட்டும் மஞ்சே விழுகாதா வள்ளி?" என்றார். கிண்டல்தான். நோட்டை வாங்கி உறையில் போட்டேன்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பிள்ளை தனியாக ஒரு படிவம் எழுத வேண்டும், ஆசிரியர் படிக்காமல் உறையை ஒட்டி அனுப்ப வேண்டும் என்று இருந்தது. ராஜகுமாரியை எழுதச் சொன்னேன். இரண்டு நோட்டையும் ஒரே நாளில், ஒரே தபால் ஆபீசில், பக்கத்தில் பக்கத்தில் நின்று அனுப்பினோம்.

பிப்ரவரி 21, வெள்ளி

இவருக்குக் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 22, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன், எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

நேற்று மத்தியானம் இவர் போன் பண்ணினார். குரலே மாறிக் கிடந்தது. "வள்ளி, தப்பா அனுப்பிட்டாங்க போல. என் பேரு வந்துருக்கு." தப்பாக இல்லை. திண்டுக்கல் மாவட்டம், ஞானவேல், பட்டதாரி ஆசிரியர், சமூக அறிவியல். எனக்கு ஒரு வரி மட்டும் வந்தது: தங்கள் பங்களிப்புக்கு நன்றி.

நன்றியாம்!

சாயங்காலம் வரும்போது அல்வா வாங்கி வந்தார். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். சந்தோசம் என்றேன். வாய்தான் சொன்னது. வயிறு எரிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. மனுசனுக்குக் கிழக்கு மேற்கு சொல்லிக் கொடுத்தவ நான். அரை இஞ்ச் கூட நகராம உக்காந்து பந்த உருட்டுனவ நான். இவருக்குப் புளூட்டோ கிரகமா இல்லியான்னே போன வருசம்தான் தெரியும். அந்த டீக்கறை நோட்டப் பாத்துட்டா இவரத் தேர்ந்தெடுத்தாங்க? ஆம்பள பேரு இருந்தா போதுமா? இல்ல, யாரையாவது பிடிச்சாரா? இவருக்கு யாரத் தெரியும், ஒருத்தரையும் தெரியாது. அப்ப எப்படி?

ஒட்டன்சத்திரம் விடுதியில் பிளஸ் ஒன் படிக்கிற மகன் செந்தில்வேல் போன் போட்டு, "அப்பாவுக்கு கங்ராட்ஸ் சொல்லிரும்மா" என்றான். "நீயே சொல்லிக்க" என்று வைத்துவிட்டேன். பிள்ளை என்ன நினைத்திருக்கும்.

மார்ச் 3, திங்கள்

கொடைக்கானலில் ஆசிரியர் கூட்டத்தில் இவருக்குப் பொன்னாடை. என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு, "சாருக்குப் பின்னால இருந்து ஊக்கம் கொடுத்த டீச்சர்" என்றார்கள். போட்டோவில் பல் தெரிய நின்றேன். இவர் மைக்கில், "எல்லாம் என் மனைவிகிட்ட கத்துக்கிட்டதுதான்" என்றார். கூட்டம் கை தட்டியது. பெருந்தன்மையாகப் பேசிவிட்டால் போதுமா? அதையும் இவர்தான் சம்பாதித்துக்கொள்கிறார்.

பஸ்ஸில் தனியாக ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இவர் இரவல் வாங்கின ராக்கெட் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கிறார். திரவ எரிபொருள், திட எரிபொருள் என்று எனக்கே விளக்குகிறார். எனக்கு! தப்பாக விளக்கினதைத் திருத்தவில்லை. அங்கே போய் அசிங்கப்படட்டும்.

இதை எழுதுகிற அளவுக்கு நான் வந்துவிட்டேனா?

மார்ச் 19, புதன்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மையத்திலிருந்து இவருக்குக் கடிதம். தேர்வான ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன் கூட்டிவரலாம். மாணவருக்குத் தனி வகுப்புகள் உண்டு. இவர் பள்ளியில் எட்டோடு சரி. அதனால் பக்கத்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து கூட்டி வரலாம் என்று போட்டிருக்கிறது. சூரிய நோட்டில் வேலை செய்த பிள்ளையாக இருப்பது நல்லதாம்.

"உங்க ராஜகுமாரி வருமா? சூரியன்னா உசுர விடும்னு சொல்லுவியே" என்று கேட்டார்.

நானும் அந்தப் பெண்ணைத்தான் நினைத்தேன். அடுத்த வரியைப் படித்தேன். மாணவி என்றால் அதே பள்ளிப் பெண் ஆசிரியை ஒருவர் துணைக்கு வர வேண்டும். துணை ஆசிரியைக்குத் தங்குமிடம் உண்டு, பயிற்சி அரங்கில் அனுமதி இல்லை.

எங்கள் பள்ளியில் பெண் ஆசிரியை நான் ஒருத்திதான்.

அப்படியென்றால் நான் போவேன். இவர் உள்ளே. நான் வெளியே, கையில் தண்ணீர் பாட்டிலோடு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. போனோடு உள்ளே போய்த் திரும்பி வந்து, "மே மாசம் பூண்டு நடவு. பிள்ளையப் பத்து நாளைக்கு யாரும் அனுப்ப மாட்டாங்க. கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

"சரி, ஏப்ரல் இருபத்தஞ்சு வரைக்கும் நாள் இருக்கு. இன்னொரு தடவ கேட்டுப் பாரு" என்றார் இவர்.

மார்ச் 20, வியாழன்

மாத்திரை ரெஜிஸ்டர். ராஜகுமாரி வந்து பக்கத்தில் நின்றது. "டீச்சர், சார் எப்ப ராக்கெட் பாக்கப் போறாக?" மே மாசம் என்றேன். "திரும்பி வந்து நம்ம பள்ளிக்கூடத்துக்கும் வந்து சொல்லுவாகளா டீச்சர்?" நிமிர்ந்து பார்க்கவில்லை. மணி அடித்தது, போய்விட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். பழனியில் அம்மா வீட்டில். தெருவெல்லாம் காவடி. அப்பாவின் பூஜைச் சாமான் கடையில் நின்று வியாபாரம் பார்த்தேன். ஒட்டன்சத்திரத்துக் காய்கறிக் கமிசன் கடைக்காரர் ஒருத்தர், வருசா வருசம் வருகிறவர், "மாப்ள ராக்கெட் விடப் போறாராமே!" என்று கேட்டார். அப்பா, "ஆமா, அவருதான் ஒன்னாவது!" என்று மீசையை நீவிக்கொண்டார். அம்மா ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. எம்.எஸ்.சி. படிக்க வைத்த அப்பாவுக்கே நான் எந்தப் பாடம் எடுக்கிறேன் என்று மறந்துவிட்டது.

இவர் எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கேயே கேட்டுவிட்டேன். கிணற்றடியில், யாரும் இல்லாதபோது. "என் நோட்டப் பத்தி அவுங்ககிட்ட ஏதாவது சொன்னீங்களா? மஞ்சே விழுகாதான்னு கேட்டீங்களே, அத எழுதி அனுப்பிச்சீங்களா?"

இவர் முகம் செத்துப்போனது. "என்ன பேச்சு பேசுற நீ? எனக்கு உன் நோட்டுல என்ன இருக்குன்னே புரியாது வள்ளி."

நம்பவில்லை. நம்பினேனா? தெரியவில்லை.

ஏப்ரல் 12, சனி

மையத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். நாற்பது நாளும் முழுசாக நிரப்பின நோட்டை விட்டுவிட்டு, பதினாறு நாள் காலியாக விட்ட நோட்டை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள்? காரணம் வேண்டும். எம்.எஸ்.சி.யையும் பதிமூன்று வருசத்தையும் சேர்த்துத்தான் போட்டேன். நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லட்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

பதில் வந்தது. தேவசேனா என்கிற விஞ்ஞானி கையெழுத்து. கோபமே இல்லாத கடிதம். முழுசாக எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

'உங்கள் நோட்டின் நாற்பது நாட்களையும் ஆய்வகப் பதிவுகளோடு ஒப்பிட்டோம். இருபத்தேழு நாட்கள் மிகச் சிறந்த பதிவு. பதிமூன்று நாட்கள் கணக்கால் வந்தவை என்று உங்கள் மாணவியின் படிவத்திலிருந்து அறிந்தோம். அவற்றில் பத்து நாட்கள் வியக்கத்தக்க அளவுக்குச் சரி. மூன்று நாட்களில் நீங்கள் குறித்த புள்ளி அப்போது சூரியனில் இல்லை. கணித்தது என்று எழுதியிருந்தால் உங்களை முதலாவதாக வைத்திருப்போம். பார்த்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவர்களும் பார்த்ததாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.'

கூடவே படிவத்தின் நகல். ராஜகுமாரியின் முத்து முத்தான எழுத்து. 'இந்த நாற்பது நாளில் நீ கண்ட அதிசயம் என்ன?' என்கிற கேள்விக்குக் கீழே:

'எனக்கு அதிசயம் சூரியன் இல்லை. எங்கள் டீச்சர். மஞ்சு மூடினால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. டீச்சர் ரப்பர் பந்தைத் திருப்பிக் கணக்குப் போட்டுப் புள்ளி வைப்பார்கள். மறுநாள் மஞ்சு விலகினால் புள்ளி அதே வழியில் போயிருக்கும். பதிமூன்று நாள் இப்படி வைத்தார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். சூரியனைப் பார்க்காமலே சொல்லத் தெரிந்த டீச்சர் வேறு எந்தப் பள்ளியிலும் இருக்க மாட்டார்கள்.'

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தேன். சுவாமிநாதன் சார் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. அழுகை வரவில்லை. அசிங்கமாக இருந்தது. அந்தப் பிள்ளை என்னைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறது. தான் எழுதினது என்ன செய்தது என்றுகூட அதற்குத் தெரியாது. நான் என்ன செய்தேன்? அதற்கு வந்த வாய்ப்பை வாயே திறக்காமல் முடக்கிப் போட்டேன். இவர் உள்ளே உட்காருவதைப் பார்க்கப் பொறுக்காமல்.

ச்சீ.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி, விடுமுறை. பஸ் ஏறி ராஜகுமாரி வீட்டுக்குப் போனேன். அதன் அம்மா அன்னக்கொடி விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, "என்னா டீச்சர், பிள்ள எதும் தப்புப் பண்ணிருச்சா?" என்றாள்.

விசயத்தைச் சொன்னேன். நடவு நேரம் ஆயிற்றே என்று நானே இழுத்தேன். பழனிச்சாமி தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு வந்தவர் குறுக்கே விழுந்து, "நடவு கெடக்கட்டும் டீச்சர். ரெண்டு கை கொறஞ்சா பூண்டு மொளைக்காதாக்கும்? நீங்க கூடப் போறீகல்ல? அப்ப எங்களுக்கு என்னா பயம்? வெரசா பேரக் குடுங்க" என்றார். ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த சாக்கு அங்கேயே பல்லிளித்தது.

ராஜகுமாரி கதவுக்குப் பின்னால் நின்றது. நான் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே ஓடி வந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைக் காட்டினேன். மார்ச் மாதம் பொய் சொன்னதையும் சொன்னேன். இவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "எம்மேல பொறாமன்னு தெரியும். அது எனக்குப் பொறுக்கும். அந்தப் பிள்ள என்ன பண்ணுச்சு வள்ளி?" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"கிணத்தடியில கேட்டது தப்புதாங்க" என்றேன். தலையை ஆட்டினார். பிறகு எழுந்து போய் படிவத்தை நிரப்பினார். துணை ஆசிரியை: சண்முகவள்ளி.

மே 5, திங்கள்

வந்து சேர்ந்தோம். என்ன வெக்கை! மூன்று பேருக்கும் கழுத்தில் அட்டை. இவருக்கு 'பயிற்சி ஆசிரியர்', நீல நாடா. ராஜகுமாரிக்கு 'மாணவ விஞ்ஞானி', மஞ்சள் நாடா. எனக்கு 'உடன் வந்தவர்'. வெள்ளை நாடா.

உடன் வந்தவர்!

மாணவர்களின் தனி வகுப்பு அடுத்த வாரம்தானாம், இப்போதைக்கு எல்லாருக்கும் ஒரே பெரிய அரங்கு. வாசலில் கண்ணாடிக் கதவு. வெளியே ஒரு பெஞ்சு. அதுதான் என் இடம். உள்ளே திரையில் படம் ஓடுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. இவர் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார். என்ன சொல்லுகிறார்களோ. பொறாமை போய்விட்டது என்று போன மாதம் நினைத்தேன். எங்கே போனது, பெஞ்சில் என்கூடத்தான் உட்கார்ந்திருக்கிறது.

மே 6, செவ்வாய்

எஞ்சின் சோதனை. அதற்கும் எனக்கு அனுமதி இல்லை. தூரத்தில் சத்தம் மட்டும் கேட்டது. பெஞ்சு அதிர்ந்தது. ராஜகுமாரி ஓடி வந்து, "நெஞ்சுக்குள்ள அடிச்சுச்சு டீச்சர்!" என்றது. எனக்கும்தான், என்றேன்.

மே 7, புதன்

காலை பதினொன்றரை இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அரங்கில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. நாற்பது ஐம்பது பேர். மேடையிலிருந்த தேவசேனா மேடமும் திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். இவர் மட்டும் திரும்பவில்லை, குனிந்திருந்தார். என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், 'எல்லாம் என் மனைவியிடம் கற்றது' என்று இவர் மறுபடியும் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து நின்று, புடவையைச் சரி பண்ணிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி வணக்கம் வைத்தேன். சிரிக்க வேறு செய்தேன்.

சாப்பாட்டு வேளையில் ராஜகுமாரி வந்தது. முகம் வெளிறிக் கிடந்தது. தட்டில் கையே வைக்கவில்லை.

"நம்ம நோட்டத் திரையில போட்டாக டீச்சர். பேரு போடல. பாக்காதத பாத்ததா எழுதினா அது அறிவியல் இல்லன்னு சொன்னாக. நான் எந்திரிச்சு, அது எங்க டீச்சர் போட்ட கணக்கு, சரியா இருக்கும், வெளியதான் உக்காந்துருக்காகன்னு கை காட்டிட்டேன்."

அப்போதுதான் அத்தனை பேரும் திரும்பியிருக்கிறார்கள். அப்போதுதான் நான் வணக்கம் வைத்திருக்கிறேன்.

காது இரண்டும் தீயாக எரிந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாமா என்று தோன்றியது. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "டீச்சர், நான் அந்தப் பேப்பர்ல எழுதுனதாலதான் உங்களுக்குக் கெடைக்கலயா?"

இல்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். அதுவும் ஒரு கட்டத்தை நிரப்புகிற வேலைதான். "உன்னால இல்ல. நீ எழுதுனது அத்தனையும் நெசம். பாக்காத அன்னைக்கு உன்னக் கையெழுத்துப் போடச் சொன்னேன் பாரு, அதனாலதான் கெடைக்கல. நீ அன்னைக்கே கேட்ட, நான்தான் கேக்கல" என்றேன். அது தட்டைப் பக்கத்தில் இழுத்தது. பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தது.

இரண்டு மணிக்கு வகுப்பு தொடங்கியதும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். யாரும் கூப்பிடவில்லை. காவலாளி, "மேடம், வெள்ளை நாடா உள்ள விடக் கூடாது" என்று பின்னாலேயே வந்தார். நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். "காலையில நீங்க காட்டுன நோட்டு என்னோடது. பதிமூணு நாள் மஞ்சு. பிள்ளைங்க பாக்கல. பாத்ததாக் கையெழுத்து வாங்குனது நான். காலிக் கட்டம் விடக் கூடாதுன்னு பழகிட்டேன்." இன்னும் நிறைய சொல்ல நினைத்திருந்தேன், வரவில்லை.

பின் வரிசையில் யாரோ ஒரு ஆசிரியர், "எங்க பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான்" என்று முனகினார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பாகத் தெரியவில்லை.

தேவசேனா மேடம் காவலாளியைக் கை காட்டி நிறுத்தினார். "அந்தக் கணக்க எப்படிப் போட்டீங்கன்னு கடைசி அரை மணி நேரம் இவங்களுக்குச் சொல்றீங்களா? அது வரைக்கும் உக்காருங்க" என்றார்.

முதல் வரிசையில் இவர் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பையை எடுத்து இடம் கொடுத்தார். நான் கடைசி வரிசைக்குப் போய் ராஜகுமாரி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நாலரை வரைக்கும் குறிப்பெடுத்தேன், கடைசி அரை மணி நேரம் பந்தைத் திருப்பிக் கணக்கைச் சொல்லிக் காட்டினேன். சாயங்காலம் இவர் அறைக்குப் போய், இவர் குளிக்கப் போனபோது நோட்டை எடுத்துப் பார்த்தேன். இன்றைய வகுப்புக்கு இவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். நான் அரை நாள்தான் இருந்தேன், ஒன்பது பக்கம்.